சபையிலிருந்து தாளுக்கு

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில், கந்தபுராணம் அரங்கேறிய மண்டபம் என்று இன்றும் அன்பர்கள் காட்டுகின்ற இடம் ஒன்று உண்டு. அக்கோயிலில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாசாரியார், நாளொன்றுக்கு நூறு செய்யுளாக எழுதி, அவ்வேடுகளை இரவு பூஜை முடிந்ததும் முருகப்பெருமான் திருவடியில் வைத்துத் திருக்காப்பிட்டுச் செல்வார் என்றும், விடிந்து வந்து பார்க்கையில் ஆங்காங்கே திருத்தம் காணப்படும் என்றும், இவ்வாறு ஆறு காண்டங்களும் 10,345 செய்யுட்களும் நிறைவெய்திய பின்னர், தொண்டை மண்டலத்து இருபத்துநான்கு கோட்டத்தாரும் கூடிய சபையில் நூலை அரங்கேற்றப் புகுந்தார் என்றும் பரம்பரைச் செய்தி கூறுகிறது. புகுந்த அன்றே தடை நேர்ந்தது. முதற் செய்யுளின் முதற் சீரில் அமைந்த புணர்ச்சிக்கு விதி எந்த இலக்கணத்தில் இருக்கிறது என்று சபையிலிருந்து ஒரு புலவர் எழுந்து கேட்டார். அச்சொல் இறைவனே எடுத்துக்கொடுத்தது என்று ஆசிரியர் சொன்ன விடை அவருக்குப் போதவில்லை. அன்றைய அரங்கேற்றம் அம்மட்டில் நின்றது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்தவராகத் தோன்றிய ஒருவர், வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் ஏட்டைச் சபையில் வைத்து, உரிய சூத்திரத்தைக் காட்டி மறைந்தார். வந்தவர் குமரக் கடவுளே என்பது பக்தர்களின் துணிபு. அதன் பிறகு ஓராண்டுக் காலம் நூல் அரங்கேறியது. முடிவில் ஆசிரியரைப் பல்லக்கில் ஏற்றி, மண்டலத்தார் தாமே தோள்கொடுத்துச் சுமந்தார்களாம்.

இக்கதையில் தெய்விகம் எவ்வளவு, சரித்திரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது என் நோக்கமன்று. ஒரு நூலாசிரியனுக்கும் அவன் முன் அமர்ந்திருப்போர்க்கும் இடையே அந்நாளில் நிலவிய உறவை இது தெளிவாகக் காட்டுகிறது என்பதே எனக்கு முக்கியம். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை ஏந்தி வந்தவர் முதற் சீரிலேயே நிறுத்தப்பட்டார்; நிறுத்தியவர்க்கு அதற்கு உரிமை இருந்தது; அவர் அமைதியுற்ற பின்புதான் இரண்டாம் செய்யுளுக்குப் போக முடிந்தது. ஓராண்டு முழுவதும், நெல் நடவும் அறுவடையும் தறியும் சந்தையும் தமக்கென்று காத்திருக்க, நாள்தோறும் வந்து உட்கார்ந்து கேட்கும்படி மக்களை இழுத்துப் பிடிப்பதென்றால், அந்த நூல் ஒவ்வொரு மாலையிலும் நாளைக்கு மீண்டும் வரவேண்டும் என்னும் ஆவலை அவர்கள் நெஞ்சில் விட்டுச் சென்றிருக்க வேண்டும். அச்சும் தபாலும் வந்த பிறகு எழுத்தாளன் தன் வாசகனைக் காணாமலே எழுதலானான். வாசகன் எந்த இடத்தில் கொட்டாவி விட்டான், எந்த இடத்தில் புத்தகத்தை மூடினான் என்பது எழுதியவனுக்குத் தெரியாது. காஞ்சியிலோ, நூற்றாண்டுகள் பலவாக, கேட்பவனின் முகத்தைப் பார்த்தே சொல் வளர்ந்தது. அந்த வளர்ப்பின் பயன், இருபதாம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையின் பக்கங்களில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பல்லவர் காலத்திலிருந்தே தொடங்கலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரஹசனம், காஞ்சித் தெருக்களிலேயே நிகழும் நாடகம். கபாலி ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைக் காணாமல் தவிப்பதில் அது கதையைப் பற்ற வைக்கிறது. பாத்திரத்தைத் திருடியவர் யார் என்ற ஒரே வினாவைப் பிடித்துக்கொண்டு பௌத்த பிக்ஷுவையும் பாசுபதனையும் பித்தனையும் வரிசையாக அரங்குக்குக் கொணர்ந்து, நாய் கவ்விச் சென்ற உண்மையைக் கடைசி வரையில் ஒளித்து வைத்திருக்கிறது. அரசனாக இருந்தும், சபையோர் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று அவன் நம்பிவிடவில்லை. அவனுக்குப் பின் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, காவியாதர்சம் என்னும் அலங்கார நூலைச் செய்து, பிற்காலத்தில் தமிழில் தண்டியலங்காரம் தோன்றுவதற்கு மூலமாக நின்றவர். இலக்கணம் சொன்னதோடு அமையாமல் தசகுமாரசரிதத்தில் கதையும் சொல்லிக் காட்டினார். அதில் வரும் மந்திரகுப்தன் என்னும் குமாரன், காதலியின் பற்பட்டு உதடு புண்ணாயிருப்பதால், உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்து ஒன்றுகூட வராமல் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். வித்தைக்காகச் செய்த வித்தை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல்பவன் வாயைக் கேட்பவன் உற்று நோக்கிக்கொண்டிருக்கிறான் என்ற நினைவு உள்ள ஊரில்தான் இப்படியொரு கற்பனை பிறக்கும்.

இவற்றினும் எனக்கு அருமையாகத் தோன்றுவது வைகுந்தப் பெருமாள் கோயில். பரமேசுவர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய அக்கோயிலில், எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்மன், பல்லவர் குலத்தின் வரலாற்றைத் திருச்சுற்று மாளிகையின் சுவரில் அடுக்கடுக்காகச் செதுக்கி வைத்திருக்கிறான். சிங்கத் தூண்களின் வரிசைக்கு உட்புறமாக நடந்துகொண்டே பார்க்க வேண்டும். பிரமனில் தொடங்கி, அரசர் ஒருவர் பின் ஒருவராகப் பிறந்து, முடிசூடி, போர் செய்து மாய்கிறார்கள். இடையிடையே சில சிற்பங்களின் கீழ் பழந்தமிழ் எழுத்தில் இது இன்னது என்று விளக்கம் பொறித்திருக்கிறது. மழையும் உப்பும் தின்ற அந்த மணற்கல்லில் முகங்கள் பல தேய்ந்துவிட்டன. எனினும், இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்து, நாட்டுக்கு அரசன் இல்லாமற்போக, மாத்திரரும் மூலப்பிரகிருதிகளும் கடிகையாரும் ஆகிய நாட்டு முதன்மையோர் சேர்ந்து இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தரவேண்டும் என்று வேண்டும் இடத்துக்கு வந்ததும், கல்வெட்டின் நடை திடீரென்று மாறுகிறது. இரணியவர்மன் தன் மக்களை அழைத்து, உங்களில் யார் போவீர்கள் என்று கேட்கிறான். மூத்தவர் மூவரும் ஒவ்வொருவராகப் போகோம் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையான பல்லவமல்லன் மட்டும் தான் போவதாகச் சொல்லி வணங்கி நிற்கிறான். இத்தனை சிறு வயதில் இவனை எப்படி அனுப்புவது என்று தந்தை கலங்குகிறான். பிறகு மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வந்த அந்தப் பிள்ளை காஞ்சியில் முடிசூட்டப்படுகிறான். அவனே நந்திவர்மன்.

கோயிற் சுவரில் மெய்க்கீர்த்தியையும் தானத்தையும் நிலத்தின் எல்லையையும் பொறிப்பதுதான் அக்காலத்து வழக்கம். அவ்வழக்கத்தின் நடுவே, வினாவும் விடையுமாக, ஒரு தகப்பனின் தயக்கத்தையும் ஒரு பாலகனின் துணிவையும் கல்லில் எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. குலவழியில் நேரே வராத ஒருவன் அரியணை ஏறியதற்கு நியாயம் கற்பிக்கும் அரசியல் தேவை அதற்குள் இருக்கக்கூடும், இருக்கட்டும். அந்தத் தேவையைத் தீர்க்க வம்சாவளிப் பட்டியலே போதுமானது என்று கருதாமல், சுற்றி வரும் யாத்ரிகனின் காலை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பதற்குச் சம்பாஷணைதான் வேண்டும் என்று கண்டுகொண்ட அந்தப் பெயரறியாத சாசனக் கவியை வணங்கத் தோன்றுகிறது. இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அடையாளம் கண்டு எழுதியவர் டாக்டர் சி. மீனாட்சி. இளவயதிலேயே காலமான அவருடைய நூலை, அவர் மறைந்த பின்னர், 1941இல் தொல்பொருள் துறையினர் வெளியிட்டார்கள். பல்லவர் சரித்திரத்தை எழுதும் எவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

வைஷ்ணவ உலகத்துக்கு வந்தால், பேச்சு அப்படியே எழுத்தானதற்கு ஒப்பற்ற சான்று ஒன்று கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லி வந்தபோது, அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலெல்லாம் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அந்நூல் உடனே ஊரெங்கும் பரவவில்லை. ஈயுண்ணி மாதவர் வழியில் ஒருவர்க்கொருவராகக் கைமாறி, பேரருளாளன் எழுந்தருளியிருக்கும் காஞ்சியில் நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை என்பாரிடம் நிலைபெற்று, அங்கிருந்தே திருவாய்மொழிப் பிள்ளையை அடைந்து, அவர் சீடர் மணவாள மாமுனிகள் காலத்தில் திருவரங்கத்துக்கு மீண்டு உலகறியப் பெற்றது என்பர். ஈட்டின் நடையைப் படித்தவர்கள், அதில் ஒரு குரல் கேட்பதை உணராமல் இருக்க முடியாது. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி வருகையில், இவ்விடத்தில் நஞ்சீயர் இப்படிக் கேட்டார், பட்டர் இப்படி அருளிச்செய்தார் என்று முன்னைய ஆசாரியர்களின் நிகழ்ச்சி ஒன்று குறுக்கே வரும். கேள்வி கேட்டவரின் ஐயம் படிப்பவரின் ஐயமாகவே இருக்கும். விடை வந்ததும் பாசுரம் புதிதாக ஒளிவிடும். வாக்கியங்கள் சில இடங்களில் முடியாமல் தொங்கும், ஏனெனில் எதிரே இருந்தவர் தலையசைத்துவிட்டார். அதை இலக்கணப் பிழையென்று திருத்தாமல் விட்ட வடக்குத் திருவீதிப் பிள்ளையின் நன்றியறிவு போற்றத்தக்கது.

காஞ்சியில் பிறந்த உரைநடை எல்லாம் இவ்வாறே என்று நான் சொல்லமாட்டேன். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் இவ்வூரினர் என்பது மரபு. அவர் நடையில் ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவரின் உரைநடையும் அத்தகையதே. அவை கற்பவனுக்காக எழுதப்பட்டவை. கற்பவன் எழுந்து போகமாட்டான் என்ற உறுதியோடு எழுதப்பட்டவை. அவற்றின் பெருமை வேறு வகையானது.

எழுந்து போகக்கூடியவனுக்காகவே அமைந்த கலை ஒன்று இவ்வட்டாரத்துக் கிராமங்களில் இன்றளவும் வாழ்கிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பிற்பகல் தோறும் வில்லிபாரதம் படிக்கப்படும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, பாரதப் பிரசங்கியார் பொருள் விரிப்பார். இரவில் அதே கதைப்பகுதி தெருக்கூத்தாக வரும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறிப் பாடுவார். இறுதி நாளில், தரையில் மண்ணால் வடித்துக் கிடத்திய துரியோதனன் உருவத்தில் படுகளம் நடக்கும். கேட்போர் அனைவர்க்கும் கதை முன்னமே தெரியும். திரௌபதி சபதம் நிறைவேறும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. இருந்தும் அவர்களை விடியுமட்டும் இருத்தி வைப்பது எது? பிரசங்கியாரின் உத்தியைக் கவனித்தால் விடை புலப்படும். சூதாட்டத்தைச் சொல்லும்போது அவர் அஸ்தினாபுரத்தோடு நிற்பதில்லை. அடமானம் வைத்த நிலத்தையும், அண்ணன் தம்பி பாகப் பிரிவினையையும், உள்ளூர்ப் பஞ்சாயத்தில் வாய் திறவாமல் இருந்த பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு வருவார். பெயர் சொல்லமாட்டார், ஆயினும் கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஒரு பக்கமாகத் திரும்பும். துகிலுரியத் துச்சாதனன் கைநீட்டும் இடத்தில், மற்றவை இரவுக் கூத்தில் என்று ஏட்டைக் கட்டிவிடுவார். இரவில் கண் சொக்குபவனை எழுப்புவதற்குக் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜாக்கள் பாட்டில் பேச, அவன் மட்டும் கூட்டத்தின் மொழியில், கூட்டத்தின் சார்பாக ராஜாவைக் கேள்வி கேட்பான்.

இவ்வூர்க் காற்றில் கலந்திருந்த இந்த வித்தைக்கு நடுவே, 1909 செப்டம்பர் 15ஆம் நாள், நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் சி. என். அண்ணாதுரை. விடியற்காலையில் தெருவிலே பாவு விரித்துச் சரிபார்ப்பதும், கோர்வைச் சேலைக்குத் தறியில் நெய்பவர் அருகே இன்னொருவர் அமர்ந்து கரைக்கு நாடா ஓட்டுவதும் அன்றாடக் காட்சியாக இருந்த ஊர் அது. தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார், வீட்டில் அழைத்த பெயர் தொத்தா. பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளியில் படித்து, இடையில் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சிலகாலம் வேலை செய்து, பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1934இல் அவருடைய முதற் சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. ஈரோட்டில் பெரியாரின் குடி அரசு, விடுதலை ஏடுகளில் பயின்று தேர்ந்த பிறகு, 1942 மார்ச்சு மாதத்தில், தம் சொந்த ஊரான காஞ்சியிலிருந்தே திராவிட நாடு என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மாகாணத்தின் பத்திரிகைகளெல்லாம் சென்னையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலத்தில், யுத்தத்தினால் காகிதத்துக்கே தட்டுப்பாடு நேர்ந்திருந்த வேளையில், இவ்வாறு செய்தது சிறிய துணிவன்று.

அப்பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்கள் முதலில் காண்பது, ஒரே ஆசிரியர் பல குரலில் பேசும் அதிசயம். தலையங்கம் அவர் எழுதியது. கலிங்கராணி, பார்வதி பி.ஏ. முதலிய தொடர்கதைகள் அவர் எழுதியவை. பரதன், சௌமியன், வீரன் என்று புனைபெயர்களும் அவருடையனவே. ஊரார் உரையாடல் என்ற பகுதியில் ஊர்க்காரர் சிலர் கூடி நாட்டு நடப்பைப் பேசிக்கொள்வார்கள். ஒருவன் விவரமறிந்தவன், ஒருவன் பழைமை விரும்பி, ஒருவன் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டுக்கொண்டே வந்து, முடிவில் எல்லாரையும் திக்குமுக்காடச் செய்பவன். கட்டியங்காரனைக் கண்டு வளர்ந்த வாசகனுக்கு அந்த மூன்றாம் மனிதனை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருந்திராது.

ஆயினும் அவர் எழுத்தின் சிகரம் என்று நான் மதிப்பது, 1955இல் அப்பத்திரிகையில் எழுதத் தொடங்கி, பின்னர் அவர் நடத்திய காஞ்சி என்னும் வார இதழிலும் தொடர்ந்து, ஏறத்தாழ 290 அளவில் பெருகிய, தம்பிக்கு என்று விளித்து எழுதிய கடிதங்களையே. கடித வடிவில் எழுதுவது அவருக்கு முன்னரே தமிழில் இல்லாததன்று. 1921இல் மறைமலையடிகள் கோகிலாம்பாள் கடிதங்கள் என்ற நாவலையே கடிதங்களாக எழுதினார், மு. வரதராசனார் அன்னைக்கும் தம்பிக்கும் நண்பர்க்குமாகக் கடித நூல்கள் வரைந்து இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தார். அவற்றில் கடிதம் என்பது அறிவுரைக்கு ஏற்ற பாத்திரமாக இருந்தது. அண்ணாதுரையின் கடிதத்தில் தம்பி வாய் திறக்கிறான். இதுதான் வேறுபாடு, என் கருத்தில் இதுவே பெரிய வேறுபாடு.

ஒரு கடிதம் நடக்கும் விதத்தை உடன் நடந்து பார்க்கலாம். சொல்ல வந்த விஷயம் வரவு செலவுத் திட்டமாக இருக்கும், உணவுப் பற்றாக்குறையாக இருக்கும், தேர்தலாக இருக்கும். அதைக் கொண்டு அவர் கடிதத்தைத் தொடங்குவது அருமை. எங்கோ ஒரு தேசத்து அரண்மனையில், அல்லது ஊரில் ஒரு திண்ணையில், அல்லது படித்த ஒரு புத்தகத்தின் நடுவில், சிறியதொரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போலச் சொல்லிக்கொண்டு போவார். தம்பி பொறுமை இழக்கும் தருணத்தை அவர் அறிவார்; இதை ஏன் அண்ணா இப்போது சொல்கிறாய் என்று நீ கேட்கப்போகிறாய் என்பதுபோல, அவன் கேள்வியை அவரே எடுத்து வைப்பார். அக்கேள்வி விழுந்ததும் கதை திரும்பி நாட்டுக்கு வரும். எதிர்க்கட்சிக்காரர் சொல்லும் வாதத்தை, அவர்களே சொல்வதைக் காட்டிலும் நன்றாக எடுத்துச் சொல்வார். தம்பி அதைக் கேட்டுச் சற்றே மயங்கி நிற்பான். பின்பு ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றுவார். இடையில் குடும்பத்து மூத்தவர் போல, உடம்பைக் கவனித்துக்கொள், கோபத்தில் கடுஞ்சொல் சொல்லாதே என்று ஒரு வார்த்தை வரும். முடிவில், அன்புள்ள அண்ணன் என்று கையெழுத்து. அரங்கேற்ற மண்டபத்தில் ஆட்சேபம் எழுப்பிய புலவரையும், ஈட்டில் ஐயம் கேட்கும் சீடரையும் இந்தத் தம்பி எனக்கு நினைவூட்டுகிறான். எதிரே இருந்து தடுத்துக் கேட்பவன் இல்லாத காகிதத்தில், அவனைத் தாமே படைத்து உட்கார வைத்துக்கொண்டார் ஆசிரியர்.

வாசகன் தன்னை அந்தத் தம்பியாகவே எண்ணிக்கொண்டான். பட்டாளத்தில் இருந்தவனும், மலேயாவில் வேலைக்குப் போனவனும், இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனும், கடிதம் தனக்கே வந்ததாக நினைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது எட்டியது. தெருக்கோடியில் ஓலைக் கொட்டகை ஒன்றில், நீள பெஞ்சு இரண்டும் மேஜை ஒன்றுமாக நடந்த படிப்பகங்களிலும், முடிதிருத்தும் நிலையங்களிலும், சைக்கிள் கடைகளிலும், தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, வேலையாட்களும் வாடிக்கையாளர்களும் சூழ்ந்து கேட்டனர். 1711இல் லண்டனில் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையை நடத்திய அடிசன், தம் தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் இருபது வாசகர் உண்டு என்று கணக்குச் சொன்னார். காப்பிக் கடைகளில் அது கைமாறியதை எண்ணிச் சொன்ன கணக்கு அது. தமிழ்நாட்டுப் படிப்பகத்தில் பிரதி கைமாறக்கூட வேண்டியிருக்கவில்லை, காதுகளே போதும். ஆகவே, கடிதத்தில் நீண்ட வாக்கியம் மூச்சு விடும் இடங்களில் உடைந்து உடைந்து செல்வதையும், ஒரே கருத்து மூன்று சொற்களில் அடுக்கி வருவதையும் கண்டு எவரும் வியக்க வேண்டியதில்லை. வாய்விட்டுப் படிப்பவனுக்கு மூச்சு வேண்டும். பின்வரிசையில் இருப்பவனுக்கு முதற்சொல் கேட்காவிட்டாலும் மூன்றாவது கேட்கும்.

அந்தத் தாள் உருவான முறையையும் சற்றே நினைக்க வேண்டும். அக்காலத்து அச்சகங்களில், இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்னும் அறைப்பலகையிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கையெழுத்துப் பிரதியைப் பார்த்துப் பார்த்துக் கம்பாசிட்டர் வரி கோப்பார். எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும். கொம்பும் காலும் விசிறியும் தனித்தனித் துண்டு. ஒரு ஃபாரம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அறைகளில் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்துக் கிடைக்கும். இரவில் நெடுநேரம் விழித்திருந்து எழுதும் வழக்கமுள்ள ஆசிரியரிடமிருந்து தாள் தாளாகப் பிரதி வர, வாரந்தவறாமல் அதைப் பத்திரிகையாக்கித் தபாலில் சேர்த்த தொழிலாளர்கள்தாம் அக்கடிதங்களின் முதல் வாசகர்கள். அவர்கள் பெயர் எந்த இதழிலும் தலைப்பில் வந்ததில்லை.

இந்நடைக்கு ஆட்சேபம் கூறியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. அடுக்குமொழி மிகுந்துவிட்டது, எதுகை மோனைக்காகக் கருத்து வளைகிறது என்றார்கள். அவரைப் பின்பற்றி மேடையேறிய பலரிடம், கருத்து உதிர்ந்து மோனை மட்டும் எஞ்சியதை மறுக்க முடியாது. அவரிடமேகூட, மேடைக்கென்று அமைந்த ஆரவாரம் கட்டுரைக்குள் புகுந்து, வாதத்தின் நேர்வழியை மறைத்த பக்கங்கள் உள்ளன. ஆனால் ஓர் இரவு நாடகத்தைக் கண்டு அவரைத் தென்னாட்டு பெர்னாட்ஷா என்று பாராட்டியவர், அரசியலில் அவருக்கு நேர் எதிர்ப்புறத்தில் நின்ற கல்கி. தமிழ் உரைநடையைப் பாமரர்க்கும் ருசிக்கும்படி செய்வதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டிருந்த ஒருவர், அதே விரதம் பூண்ட இன்னொருவரை அடையாளம் கண்டுகொண்டார் என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அண்ணாதுரை புராணங்களைக் கடுமையாக எதிர்த்தவர். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்துவது பற்றி, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டவர். பௌராணிகர்களின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அவர்கள் சபையைப் பிணித்த முறையையோ முழுவதும் கைக்கொண்டார். கதையை நாளைக்கு நிறுத்தி வைப்பதும், பழைய கதையில் இன்றைய ஊரைக் காட்டுவதும், கேள்வியைக் கேட்பவன் வாயில் வைப்பதும் அவர்களிடம் இருந்தவையே. பரம்பரைச் சொத்தில் தமக்கு உடன்பாடில்லாததை விலக்கி, வேண்டியதை எடுத்துப் பெருக்கிய மகனாகவே அவரை நான் காண்கிறேன்.

அதே ஊரில், அதே நூற்றாண்டில், கொள்கையில் மறுகரையில் இருந்த பெரியோர்களும் இம்முறையாலேயே வாசகரை அடைந்தார்கள் என்பதைக் காணும்போது, இது கட்சிக்கு உரியதன்று, ஊருக்கு உரியது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது. சின்னக் காஞ்சியில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர், உபந்நியாசங்களிலே சொன்னதைக் கிரந்தமாலா வெளியீடுகளாக எழுதிக் குவித்து, ஸம்ஸ்கிருதமும் தமிழும் கலந்த அந்நடையிலும் எதிரே ஒருவரை இருத்திப் பேசுகின்ற தெளிவை வைத்தார். காஞ்சி காமகோடி பீடத்தின் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பல்லாண்டுகளாக நிகழ்த்திய உபந்நியாசங்களை ரா. கணபதி தொகுத்து, 1976 முதல் தெய்வத்தின் குரல் என்ற பெயரில் வானதி பதிப்பகம் வழியாக வெளியிட்டார். ஏழு பகுதிகளாக வளர்ந்த அந்நூலில், வேதமும் ஷட்தர்சனமும் பேசப்படும் இடத்திலும், ஒரு பாட்டனார் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற பாவம் குலையவில்லை; அப்படியானால் இது எப்படி என்று கேட்கிற ஒருவர் அங்கும் இருக்கிறார். நம்பிள்ளைக்கு வடக்குத் திருவீதிப் பிள்ளை செய்த கைங்கரியத்தை, எழுநூறு ஆண்டுகள் கழித்து, ரா. கணபதி இங்கே செய்தார். கடித மரபோ, முரசொலியில் மு. கருணாநிதி உடன்பிறப்பை விளித்து ஆயிரக்கணக்கில் எழுதிய கடிதங்களில் தொடர்ந்தது.

அண்ணாதுரை 1967இல் முதலமைச்சரான பின்பும் தம்பிக்கு எழுதுவதை விட்டுவிடவில்லை. நோயோடு போராடிக்கொண்டே, 1969 பொங்கல் வேளையில் காஞ்சி இதழில் கடைசிக் கடிதத்தை எழுதினார். அந்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அக்கடிதங்கள் பிறகு தொகுதிகளாக வந்து, நூலகங்களில் கிடைக்கின்றன. இக்காலத்து இளைஞர் ஒருவர் தொகுதியை எடுத்து ஒரே மூச்சில் படிக்க முயன்றால், இருபது பக்கத்துக்குள் அலுப்புத் தட்டும். அதற்குக் குற்றம் அவர்மீதும் இல்லை, ஆசிரியர்மீதும் இல்லை. கடிதத்துக்கும் கடிதத்துக்கும் இடையே ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் சட்டசபையில் ஒரு பேச்சு, பத்திரிகையில் ஒரு தாக்குதல், அரிசி விலையில் ஓர் ஏற்றம் நிகழ்ந்திருந்தது. தம்பியின் கேள்வி அதிலிருந்து பிறந்தது. கேள்வியின் பின்னணி மறைந்ததும் விடை மட்டும் நீண்டு தெரிகிறது. மறுபதிப்பு வெளியிடும் அன்பர்கள், ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் இதழின் தேதியோடு, அவ்வாரத்து நிகழ்ச்சியையும் நாலு வரியில் கொடுத்துவிட்டால், 1957இல் காஞ்சித் தொகுதியிலிருந்து அவர் சட்டசபைக்குச் சென்றபோது எழுதியதையும், 1962இல் அதே காஞ்சியில் தோற்ற பின் எழுதியதையும் ஒரு புதிய வாசகர் வேறுபாடு தெரிந்து படிக்க முடியும். திராவிட நாடு இதழ்களை வைத்திருக்கும் நூலகங்கள் சில இன்னும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தாள்கள் பழுத்து, மடித்த இடத்தில் உதிர்ந்துகொண்டிருப்பதால், அந்த வேலையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.